நிலவில் இப்போது பகல்!

முழுநிலா நாளன்று காமிராவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனதுண்டா? கண்ணுக்கு நிலவின் கறைகள் தெளிவாகத் தெரிகின்றன. படத்திலோ வெறும் வெள்ளைப் பொட்டு! காமிராவில் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். தான் பார்ப்பது நிலவு என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தானியங்கும் காமிரா, காட்சி முழுவதிலிருந்தும் வரும் ஒளியை அளந்து சராசரி காண்கிறது. சின்னஞ்சிறு நிலவைச் சுற்றிலும் பரந்த கருவானம். எனவே, 'இருட்டான காட்சி' என்று முடிவு செய்து ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. ஒளி மிகுந்து கறைகள் மறைந்துவிடுகின்றன.

சற்றுச் சிந்தியுங்கள். நிலவு என்பது என்ன? வெயிலில் கிடக்கும் பாறையும் மண்ணும்தான். இரவு நமக்கு, நாம் காணும் அந்த ஒளிப்பரப்பில் இப்போது பகல்! ஆகவே வெயிலில் கிடக்கும் கல்லைப் படம் பிடிப்பதுபோலவே நிலவையும் பிடிக்க வேண்டும்.

இதற்கு உங்கள் கையில் இருப்பவை மூன்று: துவாரம், ஷட்டர் நேரம், ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்வு எண். லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதே துவார எண். ஆகவே எண் பெருகினால் துவாரம் சிறுக்கும். எஃப்/8-லிருந்து எஃப்/16-க்குப் போனால் விட்டம் பாதியாகும், பரப்பு கால்பங்காகும், ஒளியும் கால்பங்குதான். இடையிலுள்ள எஃப்/11-இல் ஒளி பாதி.

நல்ல வெயிலுக்கு ஒரு பழைய விதி உண்டு. துவாரம் எஃப்/16; ஷட்டர் நேரம், ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழி. அதாவது ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100 விநாடி. நிலவின் மண் கருமையானது. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தையே திருப்பியனுப்புகிறது. ஆகவே ஒரு படி ஒளியைக் கூட்டி எஃப்/11 வையுங்கள்.

'நிலவு சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறதே, ஒளி குறையாதா?' என்று கேட்பீர்கள். தொலைவு இருமடங்கானால் காமிராவுக்கு வரும் ஒளி கால்பங்காகும். ஆனால் பிம்பத்தின் பரப்பும் கால்பங்காகிவிடும். ஆகவே பிம்பத்தின் பிரகாசம் மாறுவதில்லை!

இந்த அறிவு ஒரு புகழ்பெற்ற படத்தையே காப்பாற்றியது. 1941 நவம்பர் 1 மாலை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியே ஆன்சல் ஆடம்ஸ் காரில் வந்துகொண்டிருந்தார். கீழ்வானில் நிலவு, இடுகாட்டுச் சிலுவைகள்மேல் கடைசி வெயில். அவசர அவசரமாகக் காமிராவை நிறுத்தினார். ஒளிமானியைக் காணோம்! நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவுக்கு வந்தது. ஃபிலிமின் வேக எண் 64. அதற்கு எஃப்/8-இல் 1/60 விநாடி போதும் என்று கணக்கிட்டார். லென்ஸின்முன் வைத்த வடிகட்டிக்காக மூன்று மடங்கு, 1/20 விநாடி. அருகும் தொலைவும் ஒருசேரத் தெளிவாக விழத் துவாரத்தை எஃப்/32-க்குச் சுருக்கியதால் மேலும் 16 மடங்கு. ஏறத்தாழ 1 விநாடி. படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளைவிட்டு வெயில் போய்விட்டது. ஒரே நெகடிவ்தான்!

அடுத்த முழுநிலாவன்று நீங்களும் முயலுங்கள். காமிராவைக் கையால் இயக்கும் முறைக்கு மாற்றி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11, 1/100 விநாடி என்று வையுங்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸில் நிலவின் பிம்பம் அரை மில்லிமீட்டர்கூட இராது. நீண்ட குவியத் தூர லென்ஸ் இருந்தால் நல்லது. அரைநிலாவில் வெயில் சாய்வாக விழுவதால் எஃப்/5.6 வேண்டும். ஆனால் அன்றுதான் பள்ளங்களின் நிழல் நீண்டு, நிலவின் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும்.

காமிரா ஒளியை அளக்கும். அந்த ஒளி எதிலிருந்து வருகிறது என்பதை நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.