சிறுநீர்க் கசிவு: மறைக்க வேண்டியதன்று, சொல்ல வேண்டியது

இருமும்போதோ, தும்மும்போதோ, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதோ தம்மை அறியாமல் சிறுநீர் கசிவதைப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே சொல்வதில்லை. சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் மருத்துவரிடம் வருபவர்கள், இதனை மட்டும் பெற்ற மகளிடமும் மறைக்கிறார்கள். "பிள்ளை பெற்ற உடம்பு, வயதானால் இப்படித்தான்" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். நாளடைவில் பேருந்துப் பயணம், உறவினர் திருமணம், திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் என ஒவ்வொன்றாகக் கைவிட்டு வீட்டுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் ஈடுபடும் பெண்கள் நெடுநேரம் அமர்ந்தே வேலை செய்கிறார்கள். முடித்த எண்ணிக்கைக்கே கூலி என்னும் இடங்களில், எழுந்து சென்றால் வருமானம் குறையும். எனவே சிலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். இது தவறு. நீர் குறைந்தால் சிறுநீர் செறிவடைந்து சிறுநீர்ப்பையை உறுத்தும்; அவசர உணர்வு கூடும். நோய்த்தொற்று, சிறுநீரகக் கல், மலச்சிக்கல் ஆகியவற்றுக்கும் அது வழிவகுக்கும். மலச்சிக்கல் கசிவை மேலும் மிகுதியாக்கும்.

கசிவு எல்லாருக்கும் ஒரே காரணத்தால் வருவதில்லை. மகப்பேற்றாலும் உடற்பருமனாலும் நாட்பட்ட இருமலாலும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்தால், வயிற்றில் அழுத்தம் ஏறும்போது சிறுநீர் கசியும். சிறுநீர்ப்பை தேவையற்ற நேரத்தில் சுருங்கினால், கழிப்பறையை அடையும் முன்பே வெளியேறும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்தால், பை நிரம்பிச் சொட்டுச் சொட்டாக வழியும். கட்டுப்படாத சர்க்கரையும் சில மாத்திரைகளும்கூடக் காரணமாகலாம்.

முதல்வகைக் கசிவுக்கு எளிய பயிற்சி உண்டு. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் தசைகளை உள்ளிழுத்து 5 நொடி நிறுத்துங்கள். பின் 5 நொடி தளர்த்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். ஒரு வேளைக்கு 10 முறை என, நாளுக்கு 3 வேளை செய்யலாம். உணவு இடைவேளையில் அமர்ந்தபடியே, அருகிலிருப்பவர் அறியாமல் செய்ய இயலும். பலன் தெரிய 3 மாதம் வரை ஆகலாம், இடையில் விட்டுவிடாதீர்கள்.

அவசர உணர்வு உடையவர்கள், சிறுநீர் கழிக்கும் இடைவெளியை மருத்துவர் ஆலோசனைப்படி 15 நிமிடம் வீதம் படிப்படியாக நீட்டிப் பழகலாம். தேநீர், காப்பியைக் குறைப்பது நல்லது. தேவைப்பட்டால் மாத்திரைகளும் அறுவைச் சிகிச்சையும் உண்டு.

வீட்டில் முதியவரைப் பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நனைந்த படுக்கையைக் கண்டு கடிந்துகொள்ளாதீர்கள். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் அந்த வழியில் விளக்கு எரியட்டும். ஈரத்துணியை உடனே மாற்றினால் தோல் புண்ணாகாது.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலுடன் எரிச்சல் ஆகியவை தோன்றினால் தாமதியாமல் வாருங்கள். சிறுநீர் அறவே பிரியாமை, திடீர்க் கால் தளர்ச்சி, தொடையிடுக்கில் மரமரப்பு ஆகியவை கண்டால் அவசரப் பிரிவுக்கே வர வேண்டும்.

வரும்போது, எப்போது எவ்வளவு நீர் அருந்தினீர்கள், எப்போது கசிந்தது என்று 3 நாள் குறிப்பெழுதி, உட்கொள்ளும் மாத்திரைகளையும் கொண்டுவாருங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டினாலே போதும். மற்றதை மருத்துவர் கேட்டறிவார்.