சுழல்விளக்கைப் பார்த்தால் மட்டும் போதுமா?

நன்னிலம் வழியாகத் திருவாரூர் போகும் சாலையோரம் 108 ஆம்புலன்ஸ் மின்னியபடி நிற்கிறது. பார்த்துவிட்டோமே, போதாதா? போதாது.

60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்றால் 25 மீட்டர் போய்விட்டது. பிறகு உலர்ந்த சாலையிலும் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பாதியானால் அந்த 20 கால்வாசியாகி 5 ஆகும். லாபம்தானே!

இரவில் பளிச்சிடும் விளக்கு கண்ணைக் கூசவைத்து, பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்குபவரை மறைத்துவிடும். வேடிக்கை பார்ப்பவர் கவனத்துக்கு: கண் போகும் பக்கமே கையும் வண்டியைத் திருப்பப் பார்க்கும்.

நம் டெல்டாவில் அறுவடை வந்தால் சாலையே களம். நெல்லைக் காயவைத்துக் கிளறுபவருக்குச் சுழல்விளக்கும் இல்லை. டயருக்கடியில் நெல்மணிகள் உருண்டால் பிடிமானம் குறையும். அந்த 20 மீட்டர் கணக்கு அங்கே செல்லாது.

விரைந்து வரும் ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு. நிற்கும் ஆம்புலன்ஸோ, நெல் கிளறுபவரோ, தூரத்திலேயே 30-க்கு இறங்குங்கள். எதிரே வண்டி வராவிட்டால் நன்றாக விலகிப் போங்கள்.