கோப்புக்குள் ஒரு காலியிடம்

நியூ ஜெர்சியின் எடிசனில் கேட்டரிங் நடத்தும் வாசகி ஒருவரின் கேள்வி இது: “கல்யாண ஆர்டருக்கு அட்வான்ஸ் வாங்கும்போது ஒப்பந்தத்தில் இ-சைன் வாங்க நினைக்கிறேன். ஒரு கம்பெனி ஃப்ரீ என்கிறது, இன்னொன்று மாதாமாதம் பணம் கேட்கிறது. எல்லாருமே ‘பேங்க் தரத்துப் பாதுகாப்பு’ என்று சொல்கிறார்கள். விலை கூடினால் பாதுகாப்பும் கூடுமா? ஃப்ரீயில் வாங்கிய கையெழுத்து கோர்ட்டில் நிற்குமா?”

இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. நிற்கும். 2000 ஜூன் 30 அன்று கையெழுத்தான இ-சைன் என்ற மத்தியச் சட்டமும், நியூயார்க் தவிர மற்ற 49 மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட யு.இ.டி.ஏ. என்ற மாதிரிச் சட்டமும், மின்னணு வடிவில் இருப்பதாலேயே ஒரு கையெழுத்தைத் தள்ளிவிடக் கூடாது என்கின்றன. நியூயார்க் இதே வேலைக்குத் தனியாக ஒரு சட்டம் வைத்திருக்கிறது. எந்த மென்பொருள், என்ன விலை, எந்தக் கணிதம் என்று இந்தச் சட்டங்கள் கேட்பதில்லை. கையெழுத்திடும் எண்ணத்தோடு செய்த செயலா என்பதுதான் அவற்றின் கேள்வி. மின்னஞ்சலின் அடியில் பெயரைத் தட்டினால்கூடச் சில சமயம் போதும். இந்தியா முதலில் வேறு வழியில் போனது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சாவி-ஜோடிக் கணிதத்தில் இட்ட கையொப்பத்தை மட்டுமே ஏற்றது. சென்னை ஆடிட்டர்களின் மேஜையில் சாவி ஏற்றிய யு.எஸ்.பி. டோக்கன்கள் கிடப்பதற்கு அதுதான் ஆரம்பம். அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லை. எனவே ‘சட்டப்படி செல்லுபடியாகும்’ என்ற விளம்பர வரிக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம். அது சட்டம் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது.

முதல் கேள்விக்குக் கோப்பின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

திரையில் விரலால் இழுக்கும் அந்தச் சுழிக்குப் பாதுகாப்பில் எந்த வேலையும் இல்லை. அது வெறும் படம். வெட்டி இன்னொரு கோப்பில் ஒட்டலாம். உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது, அதன் முதல் படி ஹாஷ். சாம்பார்ப் பொடி அரைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லி, மிளகாய், துவரம்பருப்பு, வெந்தயம் எல்லாம் மெஷினுக்குள் போகின்றன. வெளியே வந்த பொடியிலிருந்து முழு மல்லியைத் திரும்பப் பொறுக்க முடியாது. அதே சாமான், அதே அளவு என்றால் எடிசனில் அரைத்தாலும் டெக்சஸின் பிளேனோவில் அரைத்தாலும் அதே பொடிதான். இதற்குமேல் இந்த மெஷின் நம் ஊர் மெஷின் மாதிரி நடந்துகொள்ளாது. ஒரு கைப்பிடி போட்டாலும் ஒரு லாரிச் சரக்கைக் கொட்டினாலும் வெளியே வருவது சரியாக 64 சிட்டிகை. சரக்கில் ஒரே ஒரு வெந்தயம் கூடிவிட்டால் வாசனை லேசாக மாறுவதோடு நிற்காது, ஏறக்குறைய எல்லாச் சிட்டிகையும் வேறாகிவிடும். எதை முதலில் போட்டோம் என்பதையும் மெஷின் பார்க்கும். மல்லிக்கு முன் மிளகாய் விழுந்தால் ஒரு பொடி, பின்னால் விழுந்தால் வேறு பொடி. ‘வெவ்வேறு சாமான் போட்டு இரண்டு முறையும் ஒரே பொடியை அரைத்துக் கொடு’ என்றால் உலகத்து மில்காரர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் முடியாது.

இன்று பரவலாகப் பயன்படும் எஸ்.எச்.ஏ-256 என்ற மெஷின் அப்படித்தான் 64 எழுத்துகளைத் தருகிறது. சாத்தியமான விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்ட ஓர் எண். ‘மில்காரர்களால் முடியாது’ என்பது மெஷினுக்கு மெஷின் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஸ்.எச்.ஏ-1 என்ற பழைய மெஷினை 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையமும் சேர்ந்து தோற்கடித்தன. உள்ளடக்கம் வேறான இரண்டு பி.டி.எஃப். கோப்புகள், ஒரே ஹாஷ். அவர்கள் செய்து காட்டியது பி.டி.எஃப்.பில் என்பது நம் விஷயத்துக்கு முக்கியம். இன்றைக்கும் எஸ்.எச்.ஏ-1 பயன்படுத்தும் சேவை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்த படி, அந்த 64 எழுத்தை, ஒருவரிடம் மட்டுமே இருக்கும் தனிச்சாவியால் கையொப்பமிடுவது. அதன் ஜோடியான பொதுச்சாவி வைத்திருக்கும் யாரும் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், ஆனால் உருவாக்க முடியாது. இதன் வரலாறு பலமுறை எழுதப்பட்டதுதான். 1976-இல் ஸ்டான்ஃபோர்டின் டிஃபியும் ஹெல்மனும் யோசனை சொன்னார்கள், 1977-இல் எம்.ஐ.டி.யின் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பி.டி.எஃப். 1993-இல் அடோபியிடமிருந்து வந்தது. இ-சைன் சேவை நிறுவனமான டாக்யூசைன் 2003-இல் சியாட்டிலில் தொடங்கிப் பின்னர் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து சேர்ந்தது. வரலாறு இதோடு போதும்.

என்னை எப்போதும் மகிழ்விப்பது வேறொரு சிக்கல். கையொப்பம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், தனித்தாளாக இருந்தால் தொலைந்துவிடும். ஆனால் கையொப்பத்தைக் கோப்புக்குள் எழுதிய கணமே கோப்பு மாறிவிடுகிறது, மாறினால் ஹாஷ் மாறுகிறது, ஹாஷ் மாறினால் அந்தக் கையொப்பம் பொய்யாகிறது. தன்னையும் சேர்த்துத் தானே சாட்சி சொல்ல வேண்டிய நிலை. எப்படிச் சமாளிப்பது?

பி.டி.எஃப். கண்டுபிடித்த வழி, கோப்புக்குள் ஒரு காலியிடம் விடுவது. மென்பொருள் முதலில் ஒப்பந்தம் முழுவதையும் எழுதுகிறது. கையொப்பம் வர வேண்டிய இடத்தில் சில ஆயிரம் பூஜ்யங்களை நிரப்பிவைக்கிறது. பிறகு நான்கு எண்களைக் குறிக்கிறது. முதல் பகுதி எங்கே தொடங்குகிறது, அது எத்தனை பைட். இரண்டாம் பகுதி எங்கே தொடங்குகிறது, அது எத்தனை பைட். நடுவில் உள்ள காலியிடம் மட்டும் கணக்கில் இல்லை. முன்பகுதியையும் பின்பகுதியையும் சேர்த்து அரைத்து, வந்த ஹாஷைக் கையொப்பமிட்டு, அந்தக் கையொப்பத்தைக் காலியிடத்தில் எழுதுகிறது. பூஜ்யங்கள் இருந்த இடத்தில்தான் எழுத்து விழுகிறது. வெளியே ஒரு பைட்டும் நகரவில்லை. அதனால் ஹாஷும் அசையவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அந்த நான்கு எண்களும் காலியிடத்துக்கு வெளியே, அரைக்கப்படும் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைப் பின்னர் மாற்ற முடியாது. ஆனால் காலியிடம் எங்கே முடியும் என்று தெரியாமல் அவற்றை எழுதவும் முடியாது. கையொப்பம் எவ்வளவு நீளம் வரும் என்பதோ அதை இடும்வரை உறுதியாகத் தெரியாது. எனவே மென்பொருள் தாராளமாக இடம் ஒதுக்குகிறது. எண்களுக்கும் முன்கூட்டியே அகலம் விட்டுவைத்து, கணக்கு முடிந்ததும் அதே அகலத்துக்குள் எழுதுகிறது. கையொப்பம் சிறிதாக வந்தால் மிச்ச இடத்தில் பூஜ்யங்கள் அப்படியே கிடக்கும். நீங்கள் இ-சைன் பெற்ற பி.டி.எஃப். எதையாவது வெறும் எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள். குப்பைபோலத் தெரியும் எழுத்துகளுக்கு நடுவே நீண்ட பூஜ்ய வரிசை ஒன்று பெரும்பாலும் கண்ணில் படும். எனக்கு அது அழகாகவே தெரிகிறது.

இரண்டாவது ஆள் கையொப்பமிட வேண்டுமானால்? பழைய கோப்பின் ஒரு பைட்டையும் தொடக் கூடாது. பி.டி.எஃப். அதற்கும் இடம் தருகிறது: புதியதையெல்லாம் கோப்பின் வாலில் சேர்த்துக்கொண்டே போகலாம். பெண் வீட்டார் இட்ட முதல் கையொப்பம் தன் எல்லைக்கு மட்டும் சாட்சி. கேட்டரிங்காரர் இடும் இரண்டாவது கையொப்பம், முதல் கையொப்பத்தோடு சேர்ந்த முழுக் கோப்புக்கும் வாலுக்கும் சாட்சி. முதலாமவர் கையெழுத்திட்டபோது கோப்பு எப்படி இருந்தது என்பதை அடோபியின் அக்ரோபேட் மென்பொருள் தனியாக எடுத்துக் காட்டும்.

வாலில் சேர்க்கலாம் என்ற இந்த வசதியே ஓட்டையாகவும் ஆனது. ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 22 பி.டி.எஃப். வாசிப்பு மென்பொருள்களைச் சோதித்திருந்தார்கள். 21 ஏமாந்தன. வாலில் புது உள்ளடக்கம் சேர்ந்திருந்தும், அல்லது அந்த நான்கு எண்களில் விஷமம் செய்யப்பட்டிருந்தும், ‘கையொப்பம் சரி’ என்று காட்டின. கணிதத்தை யாரும் உடைக்கவில்லை. கணிதத்தின் விடையைத் திரையில் காட்டும் மென்பொருள்தான் சறுக்கியது. அதன் பிறகு நிறுவனங்கள் திருத்தங்கள் வெளியிட்டன. பழைய பதிப்பு வாசிப்பானை வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்வது நல்லது. ‘ராணுவத் தரக் குறியாக்கம்’ என்று கூவும் விளம்பரங்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. கோப்பை ரகசியமாக வைப்பது குறியாக்கத்தின் வேலை. கோப்பு மாறவில்லை என்று காட்டுவது வேறு வேலை. உங்களுக்குத் தேவை முக்கியமாக இரண்டாவது.

மேலே சொன்ன கணிதம் எல்லாமே பொதுத் தரம். விலை உயர்ந்த சேவையும் மலிவுச் சேவையும் ஒரே ஹாஷையே பயன்படுத்தலாம். மாதம் கூடுதலாக 15 டாலர் கொடுத்தால் எஸ்.எச்.ஏ-256 கூடுதல் வலிமை பெற்றுவிடாது.

பெரும்பாலான சேவைகளில் அந்தத் தனிச்சாவி உங்களுடையதும் அல்ல, கையெழுத்திட்டவருடையதும் அல்ல. எல்லோரும் கிளிக் செய்து முடித்த பிறகு நிறுவனமே தன் சாவியால் கோப்பை மூடுகிறது. ஆகவே கணிதம் நிரூபிப்பது ‘மூடிய பிறகு இது மாறவில்லை’ என்பதை மட்டும். கிளிக் செய்தது யார் என்பதைக் கணிதம் சொல்லாது. வழக்குகள் தோற்பதும் ஜெயிப்பதும் அந்த இடத்தில்தான்.

கலிஃபோர்னியாவில் மாஸ் பிரதர்ஸ் என்ற கார் விற்பனை நிறுவனத்தின் மீது ஓர் ஊழியர் சம்பள வழக்குப் போட்டார். ‘தகராறு வந்தால் நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் அவர் மின்கையெழுத்து இட்டிருக்கிறார்’ என்றது நிறுவனம். தனக்கு அப்படி நினைவில்லை என்றார் ஊழியர். அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்று நிறுவனத்தின் மேலாளர் உறுதிமொழி கொடுத்தார். அது தனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சரியாக விளக்கவில்லை. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை ஏற்க மறுத்தது. மின்கையெழுத்தை நிரூபிப்பது பெரிய பாரம் அல்ல, ஆனால் அந்தச் சிறு பாரத்தைக்கூட நிறுவனம் சுமக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

டெக்சஸில் இதற்கு நேர் எதிராக நடந்தது. ஏரோடெக் என்ற ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் மீது நான்கு பேர் வழக்குப் போட்டார்கள். இணையத்தில் வேலை விண்ணப்பத்தை முடித்ததை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதிலிருந்த நடுவர் ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். கீழ் நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. நிறுவனத்திடம் இருந்தது சுழிக் கையெழுத்து அல்ல, பதிவேடு. ஒவ்வொருவரும் தானே வைத்துக்கொண்ட கடவுச்சொல், அவரே அமைத்த பாதுகாப்புக் கேள்விகள், ஒவ்வொரு படிவத்துக்கும் நேர முத்திரை, அந்தப் படிவத்தில் கையெழுத்திடாமல் விண்ணப்பத்தை முடிக்கவே முடியாது என்ற அமைப்பு. 2021 மே மாதம் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இவ்வளவு பதிவு இருக்கும்போது ‘நான் போடவில்லை’ என்ற மறுப்பு மட்டும் போதாது என்றது. சாதாரண ஊழியருக்கு எதிராகப் போன தீர்ப்பு என்ற வருத்தம் எனக்கு உண்டு. மின்கையெழுத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான ஜோடி வழக்குகளை நான் பார்த்ததில்லை.

எனவே வாசகிக்கு நான் சொல்வது: பணம் கொடுப்பதானால் பதிவேட்டுக்குக் கொடுங்கள். எந்த மின்னஞ்சலுக்குப் போனது, எப்போது திறந்தார்கள், எந்த ஐ.பி. முகவரி, எப்போது முடிந்தது என்ற ஆடிட் ட்ரெயில் கிடைக்க வேண்டும். அது நிறுவனத்தின் இணையதளத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. சந்தாவை நிறுத்திய பிறகும் உங்கள் கணினியில் இருக்கும்படி தரவிறக்க முடிய வேண்டும். மின்னஞ்சலோடு, வாடிக்கையாளரின் போனுக்கு ஒரு குறியீடு அனுப்பிச் சரிபார்க்கும் வசதி இருந்தால் அந்த ஒன்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். மகள் மின்னஞ்சலைத் திறந்து அப்பா பெயரில் கையெழுத்திடுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது.

விலைப் பட்டியலில் பாதுகாப்பைவிட எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும். டாக்யூசைனின் தனிநபர் திட்டம் மாதம் 5 அனுப்புதல்களோடு நின்றுவிடும். அதன் அடுத்த திட்டத்துக்கு ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 100 என்ற வரம்பு உண்டு. ஜோஹோ சைனின் இலவசத் திட்டமும் மாதம் 5 ஆவணங்கள் தருகிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, பிளசன்டனிலிருந்து டெக்சஸின் ஆஸ்டினுக்குத் தன் அமெரிக்கத் தலைமையகத்தை மாற்றிய, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் அதே ஜோஹோதான். நம்மவர் நிறுவனம் என்பதற்காக அதை வாங்கச் சொல்லவில்லை. சொல்லப்பட்ட எண்ணிக்கைக்குள் உங்கள் வேலை முடியுமானால் காசே தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருந்தால் டாக்யூசீல், டாக்யுமென்ஸோ போன்ற திறமூல மென்பொருள்களைச் சொந்தச் சர்வரிலேயே நிறுவலாம். அடோபி நம்பும் பட்டியலில் இல்லாத சொந்தச் சாவியால் மூடினால், அக்ரோபேட் ‘கையொப்பமிட்டவர் யார் என்று தெரியவில்லை’ என்று எச்சரிக்கும். கோப்பு மாறவில்லை என்ற சோதனை அப்போதும் சரியாகவே நடக்கும்.

எந்த விலைத் திட்டத்தாலும் தீராதவையும் உண்டு. உயில், விவாகரத்து, வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் போன்றவற்றை இ-சைன் சட்டமே விலக்கிவைத்திருக்கிறது. வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் சிறு அலுவலகங்கள் படிவம் 8879-க்கு வாடிக்கையாளரை நேரில் பார்க்காமல் கையெழுத்து வாங்கினால், அடையாளச் சோதனையும் வேண்டும் என்கிறது வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ். சாதாரணக் கிளிக் அங்கே போதாது. கேட்டரிங் ஒப்பந்தத்துக்கு இவை எதுவும் குறுக்கே வராது.

வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இலவசக் கணக்கில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை உங்களுக்கே அனுப்பிக் கையெழுத்திடுங்கள். முடிந்த கோப்பை அக்ரோபேட் ரீடரில் திறந்தால் மேலே கையொப்பத் தகவல் பட்டி தெரிய வேண்டும். அப்படி எதுவும் தெரியவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது படம் ஒட்டிய சாதாரணக் கோப்பு. தெரிந்தால், அதன் பிரதி ஒன்றை வேறு மென்பொருளில் திறந்து அட்வான்ஸ் தொகையில் ஓர் இலக்கத்தை மாற்றிச் சேமியுங்கள். சில கோப்புகள் சேமிக்கவே விடாது, அது நல்லது. சேமித்துவிட்டால் மறுபடி ரீடரில் திறந்து பாருங்கள். ஒன்று, கையொப்பம் செல்லாது என்ற எச்சரிக்கை வர வேண்டும். அல்லது கையொப்பமே காணாமல் போயிருக்க வேண்டும். மாற்றிய தொகையோடு பழைய பச்சைக் குறியும் நின்றால் முதலில் உங்கள் ரீடரைப் புதுப்பித்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் நின்றால் அந்தச் சேவையை விட்டுவிடுங்கள்.