தையலின் குற்றமா, துணியின் குணமா?

கடந்த மாரிகாலத்தில் உம்மா தைத்துக் கொடுத்த அபாயா ஒன்று எமது வீட்டுக்குத் திரும்பி வந்தது. முதல் தரம் கழுவிப் பிழிந்தபோதே கைப்பகுதி கிழிந்துவிட்டதாம். "தையல் சரியில்லை" என்றார் கொண்டு வந்தவர். உம்மா மறுபேச்சுப் பேசாமல் தன் செலவிலேயே வேறொன்று தைத்துக் கொடுத்தார். பிறகு நான் அந்தக் கிழிசலைப் பார்த்தேன். தையல் அப்படியே இருந்தது. கிழிந்திருந்தது பக்கத்திலிருந்த துணி. அது ரேயோன்.

துணி, தண்ணீரில் நனையாவிட்டாலும் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சிக்கொள்ளும். 20 பாகை செல்சியசில் சாரீரப்பதன் 65 சதவீதமாக இருக்கும்போது, 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் நீரை எடுத்துக்கொள்ளும். ரேயோன் சுமார் 12 கிராம் எடுக்கும். பொலியெஸ்டர் அரைக் கிராம்கூட எடுக்காது. காற்றில் ஈரம் கூடினால் பருத்தியும் ரேயோனும் எடுக்கும் நீரும் கூடும்.

பருத்தி, ரேயோன் இரண்டுமே செலுலோசுதான். ஆனால் ஈரத்தில் அவை நேர்மாறாக நடந்துகொள்கின்றன. பருத்தியின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் மிக நீளமானவை. ஒழுங்காக நெருங்கி அமைந்தவை. நீர் புகும்போது இழையினுள் இருக்கும் இறுக்கம் தளர்ந்து, இழுவிசை பல சங்கிலிகளுக்குப் பகிரப்படுகிறது. அதனால் நனைந்த பருத்தியின் பலம் 10 முதல் 20 சதவீதம் வரை கூடும்.

ரேயோன், மரக்கூழைக் கரைத்து மீண்டும் இழையாக்கியது. அதன் சங்கிலிகள் குட்டையானவை. ஒழுங்கற்ற பகுதிகளும் அதிகம். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஐதரசன் பிணைப்புகளை நீர் பிரித்துவிட, சங்கிலிகள் வழுக்கி விலகுகின்றன. நனைந்ததும் ஏறக்குறையப் பாதிப் பலம் போய்விடும். பட்டும் கம்பளியும்கூட ஈரத்தில் ஓரளவு பலமிழக்கும். நீரை ஏற்காத பொலியெஸ்டருக்கு ஒன்றும் ஆகாது.

அதற்காகப் பருத்தியை ஈரத்தோடு மடித்து வைக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பங்கசு செலுலோசை உண்டு வளரும். கரும்புள்ளி விழுந்து, நாளடைவில் நூலே உக்கிவிடும். மழைக்காலத்தில் நன்றாக உலர்ந்த பின்னரே அலுமாரியில் வைக்க வேண்டும்.

ரேயோன் உடுப்பை முறுக்காமல், உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை எடுத்து நிழலில் காயவிட்டால் போதும். உலர்ந்ததும் அதன் பலம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் அந்தக் கிழிந்த கைப்பகுதியைத் தடவிப் பார்த்தார். இப்போது ரேயோன் உடுப்புக் கொடுக்கும்போதெல்லாம் வாசல் வரை வந்து சொல்கிறார்: "முறுக்கிப் புழிய வாணாம், மகள்."