தேர்வாய்: ஓடை வளர்த்த ஏரி, கால்வாய் நிரப்பும் ஏரி

கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லைக்குக் கிட்டத்தில் இருக்கிறது தேர்வாய் கண்டிகை. வெளியூர்க்காரர்களுக்கு இன்று அது இரண்டு விஷயங்களால் தெரியும்: ஒன்று சிப்காட் தொழிற்பேட்டை, மற்றது சென்னையின் ஐந்தாவது குடிநீர் ஏரி. இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டுமே கிடையாது. அன்று இருந்தது ஒரு காடு, அதிலிருந்து இறங்கி வந்த ஓடைகள், அவை போய்ச் சேர்ந்த ஏரிகள்.

காடு என்று ஊர் சொன்னது. பதிவேடு அப்படிச் சொல்லவில்லை. சுமார் 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலம் அரசுக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு. ஆடு மாடு மேய்வதற்கு, விறகுக்கு, மூலிகைக்கு, பழத்துக்கு என்று தேர்வாய் மக்கள் அதை நம்பியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பத்தினர். சொந்தமாகப் பெரிய நிலம் இல்லாதவர்களுக்கு அந்தக் காடுதான் சொத்து. அதனால் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள்.

காட்டைக் காத்ததால் ஓடையும் தானாகக் காக்கப்பட்டது. மேட்டில் புதரும் மரமும் அடர்ந்திருந்தால் மழைத் தண்ணீர் உடனே ஓடிவிடாது. சருகில் நின்று, மண்ணில் இறங்கி, மழை விட்ட பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். வண்டலும் அதிகம் வராது, ஏரி தூர்ந்துபோகாது. ஏரிக்குக் கீழே இருந்த நெல்வயலுக்குத் தண்ணீர் நின்று கிடைத்தது இதனால்தான்.

மீனுக்கும் அதுதான் வழி. இந்த வட்டாரத்து ஏரிகளில் முதல் பெருமழை பெய்து கலங்கல் வழியும்போது பார்க்க வேண்டும். மீன்கள் தண்ணீரை எதிர்த்து ஏறும். கெண்டையும் கெளுத்தியும் வரத்துக் காலுக்குள் புகுந்து, புல் மூழ்கிய முழங்கால் ஆழத்தில் முட்டையிடும். ஓடை அடைபட்டால் அந்த ஏற்றமும் நின்றுபோகும். கோடையில் தண்ணீர் வற்றி விரால் சேற்றில் பதுங்கும் நாளில், ஊரே ஏரிக்குள் இறங்கி மீன் பிடிக்கும். யாருக்கும் அனுமதிச் சீட்டு கிடையாது. ஏரி எல்லோருக்கும் பொது.

இதே தமிழ்நாட்டில் அனுமதிச் சீட்டோடு ஓடையைக் காத்தவர்களும் உண்டு. 1870களின் கடைசியில் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்குமாக ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்களுக்காகவே 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தக் காலத்தில் பிடிக்கலாம், யார் பிடிக்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் வந்தன. ஊரில் இல்லாத டிரவுட் மீனைக் கொண்டுவர 1860களிலேயே மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். 1906-க்குப் பிறகு மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் வந்துதான் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட்டை நிலைக்கவைத்தார். குளிர்ந்த தண்ணீர், தெளிந்த ஓட்டம், கூழாங்கல் படுகை ஆகிய மூன்றும் இல்லாமல் அந்த மீன் பிழைக்காது.

வந்தேறி மீன் அது. உள்ளூர்ச் சிறு மீனையும் தவளைக் குஞ்சையும் தின்னும். அதைக் கொண்டுவந்தது நல்ல காரியம் என்று நான் சொல்லமாட்டேன். நீலகிரிக் கதையை நான் இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் வேறு. தூண்டில் போடுகிறவர்கள் பொழுதுபோக்குக்காகக் காத்த ஓடைக்கு ஒரு தனிச் சட்டமே கிடைத்தது. பிழைப்புக்காகக் காத்த தேர்வாய் ஓடைக்குக் கிடைத்ததோ ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்ற ஒற்றை வரி. அந்த வரியை மாற்ற ஒரு அரசாணை போதுமானதாக இருந்தது.

அப்படித்தான் நடந்தது. நிலம் சிப்காட்டுக்குப் போயிற்று. 2009-இல் பிரான்சின் மிஷலின் டயர் நிறுவனம் இங்கே ஆலை அமைக்க அரசோடு ஒப்பந்தம் செய்தது. ஊர் சும்மா இருக்கவில்லை. தீர்மானம் போட்டார்கள், மறியல் செய்தார்கள், கைதானார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். 2012-இல் விவகாரம் பாரீஸ் வரை போனது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த நெறிமுறைகளின் கீழ், பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து தேர்வாய் மக்களும் புகார் கொடுத்தார்கள். ஆலை நிற்கவில்லை. ஊர்ப் பொதுநிலங்களையும் குளங்களையும் மீட்டுத் தரச் சொல்லி ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2011 ஜனவரியில்தான். அதற்குள் இங்கே நிலம் கைமாறிவிட்டது.

ஏரியின் கதை வேறு மாதிரி. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, சுற்றியிருந்த விளைநிலங்களையும் எடுத்துக்கொண்டு, 380 கோடி ரூபாயில் ஒரே நீர்த்தேக்கமாக்கினார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் வரிசையில் 2020 நவம்பர் 21-இல் அது சேர்ந்தது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. பெருநகரத்தின் தாகத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. 2019 கோடையில் குடத்தோடு தெருவில் நின்ற சென்னையை யாரும் மறக்க முடியாது. ஆனால் இந்த நீர்த்தேக்கம் முக்கியமாகக் காத்திருப்பது கிருஷ்ணா ஆற்று நீருக்கு. கண்டலேறு அணையிலிருந்து ஆந்திராவுக்குள் 152 கிலோமீட்டர் கால்வாயில் வந்து, ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டுக்குள் நுழையும் தண்ணீர் அது. பக்கத்து மேட்டில் பெய்த மழையை ஓடை வழியே வாங்கி நிறைந்த ஏரிகள், இன்று அடுத்த மாநிலத்து மதகு திறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

சிப்காட்டால் வேலை வந்தது, சாலை வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கான்கிரீட்டும் கூரையும் மூடிய மேட்டில் மழை நிற்காது. பெய்த வேகத்தில் இறங்கி, சில மணி நேரத்தில் ஓடிவிடும். வெட்டிய மரத்துக்குப் பதில் வரிசையாக நட்ட மரக்கன்று அந்த வேலையைச் செய்யாது. அதற்குப் புதரும் சருகும் புற்றும் சேர்ந்த பழைய மண் வேண்டும்.

காடு திரும்பி வராது. எஞ்சிய வரத்துக் கால்களுக்காவது ஏட்டில் இடம் வேண்டும். கிராம வரைபடத்திலும் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டிலும் ஒவ்வொரு ஓடையும் நீர்நிலைப் புறம்போக்கு என்று தன் அளவோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லி வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. ஓடைகளின் புல எண்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தீர்மானத்தில் ஏற்றுவதற்கு அதைவிடப் பொருத்தமான கூட்டம் கிடையாது.