ஹைஸ்கூலில் எலெக்ட்ரானிக்ஸும் ரோபோட்டிக்ஸும்: குடியானவர் குடும்பத்திற்கு அதனால் உண்டாகும் பயன்

பயிருக்கு வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு தண்ணீர் கொடுப்பதே சாகுபடியில் பாதி வெற்றி என்பது அனுபவசாலிகளான விவசாயிகள் யாவரும் அறிந்ததே. அவ்வளவைக் கருவி கொண்டு கண்டறியும் முறையை 14 வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொள்ள இப்பொழுது வசதி ஏற்பட்டிருக்கின்றது. எலெக்ட்ரானிக்ஸ், ரோபோட்டிக்ஸ் என்னும் பாடங்களே அவ்வசதியாம். இவை விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு பொழுதுபோக்கும் வேலை என்றும், பட்டணத்துப் பிள்ளைகளுக்கே உரியவை என்றும் கருதி, நிலமுடையோரில் சிலர் தம் மக்களை அவ்வகுப்புக்கு அனுப்பத் தயங்குகின்றனர். அக்கருத்து சரியன்று.

ரோபோ என்பது யாது?

ரோபோ என்றவுடன் மனித உருவில் நடமாடும் பொம்மையைப் பலர் நினைக்கின்றனர். உருவம் முக்கியமன்று. அறிதல், தீர்மானித்தல், செய்தல் என்ற மூன்று தொழில்களையும் தானே நடத்தும் யந்திரம் எதுவும் ரோபோவின் இனத்தைச் சேர்ந்ததே. வயலுக்கு நீர் பாய்ச்சுபவர் மண்ணைத் தொட்டுப் பார்க்கின்றார்; போதுமா போதாதா என்று தீர்மானிக்கின்றார்; மடையைத் திறக்கின்றார் அல்லது அடைக்கின்றார். யந்திரத்தில் முதற் காரியத்தைச் சென்சாரும், இரண்டாவதைச் சிறு கணினிப் பலகையும், மூன்றாவதை மோட்டார் அல்லது வால்வும் செய்கின்றன.

பள்ளிகளில் அதிகமாய் வழங்கும் பலகை, 2005-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்தில் மாணவர்களுக்காகத் தோற்றுவிக்கப்பட்ட ஆர்டுயினோ என்பது. இதன் ஊனோ என்னும் வகை 5 வோல்ட் மின்சாரத்தில் வேலை செய்யும். சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தத்தை இது 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றிக் காட்டும்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு முதல், நிதி ஆயோக்கின் ஆதரவில், 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காக அடல் டிங்கரிங் லேப் என்னும் பயிற்சிக்கூடங்கள் நிறுவப்பட்டு வருகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக்கு ரூ. 20 லட்சம் வரை மானியம் அளிக்கப்பட்டது. அரசாங்கப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளுக்குள் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அண்டை மாநிலமான கேரளத்தில் 2025 ஜூன் முதல் 10-ஆம் வகுப்பு மாணவர் யாவருக்கும் ரோபோட்டிக்ஸ் பாடமாக்கப்பட்டிருக்கின்றது.

சொந்த நிலத்தில் செய்யத்தக்க பரீட்சை

வகுப்பில் கற்றது வயலில் பயன்பட வேண்டுமாயின், பின்வரும் பரீட்சையை மாணவர் தம் வீட்டில் செய்து பார்க்கலாம். வயலின் மண்ணை நன்கு வெயிலில் உலர்த்திக் கட்டிகளை உடைத்து, கிலோ ஒன்றாக ஐந்து டப்பாக்களில் இடவேண்டும். முதல் டப்பாவை அப்படியே விட்டு, மற்றவற்றில் முறையே 50, 100, 150, 200 கிராம் தண்ணீரைக் கலந்து, மூடி ஓரிரவு வைத்தால் ஈரம் சீராய்ப் பரவும். மறுநாள் ஒரே ஆழத்தில் சென்சாரைச் செருகி, பலகை காட்டும் எண்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அதே மண்ணைத் தகப்பனார் கைப்பிடியில் அழுத்திப் பார்த்து, எந்த டப்பாவின் பதத்தில் தாம் நீர் பாய்ச்சுவார் என்று சொல்லவேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி எண்ணுக்குப் பொருளில்லை.

மணற்பாங்கான நிலத்தில் 10 சதவீத ஈரம் பயிருக்குப் போதுமானதாயிருக்க, கனத்த களிமண்ணில் அதே ஈரத்தில் பயிர் வாடிவிடும். ஆகவே ஒரு நிலத்திற்குக் கண்ட எண்ணை வேறு நிலத்திற்குக் கொள்ளலாகாது. மேலும், இரண்டு உலோக முட்களையுடைய மலிவான சென்சார், ஈரத்தில் மின்சாரம் பாய்வதால் விரைவில் அரித்துப்போகும். கெப்பாசிட்டிவ் என்னும் வகை நெடுநாள் உழைக்கும்.

ஓர் எச்சரிக்கை

பலகையின் 5 வோல்ட் மின்சாரம் உயிருக்கு அபாயமற்றது. பம்ப்செட்டுக்கு வரும் மும்முனை மின்சாரமோ சுமார் 415 வோல்ட். ஈரத்தரையில் நின்று அதைத் தொடுவது மரணத்தை விளைவிக்கும். மாணவரின் வேலை பலகையோடு நிற்கவேண்டும். ஸ்டார்ட்டரில் இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனே செய்தல் வேண்டும். அன்றியும், சென்சாரின் கம்பி அறுந்தால் பலகை பொய்யான எண்ணைக் காட்டும். நிலம் காய்ந்ததாகக் கொண்டு இரவெல்லாம் மோட்டாரை ஓட்டவுங்கூடும். ஆதலால் குறித்த நேரத்திற்குமேல் மோட்டார் ஓடாதபடி தனி ஏற்பாடு அவசியம். கருவி சொல்வதை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்க்கும் இப்பழக்கமே இக்கல்வியின் முதற் பயனாகும். செல்போனால் இயங்கும் ஸ்டார்ட்டர், தானியங்கி சொட்டுநீர் வால்வு, மருந்தடிக்கும் டிரோன் முதலியன கிராமங்களில் விற்பனைக்கு வந்துவிட்ட இக்காலத்தில், விற்பவர் சொல்லை ஆராய்ந்து கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் வீட்டிலிருப்பது பெரிய காப்பாகும்.

இதைக் கற்ற பிள்ளை ஊரைவிட்டுப் போய்விடுவான் என்று சிலர் அஞ்சுகின்றனர். சிலர் போகக்கூடும்தான். ஆனால் இருக்கின்ற பிள்ளைக்குத் தன் நிலத்திலேயே அறிவுக்கேற்ற வேலை உண்டென்று காட்டுவதற்கும் இதுவே வழி.

கிராமத்தார் செய்யவேண்டியவை

2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்களே, பாதிப்பேர் பெண்கள். ஆகவே அங்கத்தினரும் கிராம உத்தியோகஸ்தர்களும் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பாராக.

(1) பயிற்சிக்கூடம் பூட்டிக் கிடவாமல் வாரந்தோறும் திறக்கப்படுகின்றதா என்று பார்த்தல்.

(2) சாமான்கள் பழுதாவது கற்பதன் ஒரு பகுதி. அதற்காகப் பிள்ளைகளைக் கண்டித்து அலமாரியில் பூட்டிவைக்காமல், மாற்றுச் சாமான் வாங்க ஏற்பாடு செய்தல்.

(3) அதிக மார்க்கு வாங்கும் சிலருக்கு மட்டுமன்றி யாவருக்கும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கும், கருவிகளைக் கையாள இடமளித்தல்.

(4) பள்ளிக்கு அருகில் நிலமுடையோர், மாணவர் பரீட்சைக்காக அரை சென்ட் இடமேனும் ஒரு போகத்திற்கு ஒதுக்கித் தருதல்.

பள்ளியில் இவ்வகுப்பு இருக்குமிடத்து, வருகின்ற பருவத்திலேயே தத்தம் மக்களை அதில் சேர்த்து, மேற்கூறிய மண் பரீட்சையை அவர்களோடு சேர்ந்து செய்து பார்க்குமாறு விவசாயிகளைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.