வாயுவின் மேல் மிதக்கும் வண்டி

மோட்டார் வண்டியின் பாரத்தைச் சில்லுகளின் மேல் தாங்கும் பொறுப்பு நெடுங்காலமாக உருக்கு வில்லினுக்கே உரியதாயிருந்தது. வில்லினுக்கு ஒரு குறையுண்டு. தனியொருவர் செல்லும்போது மென்மையாய்த் தாங்கும் வில், ஐவர் ஏறிப் பொதியும் ஏற்றியவுடன் அமிழ்ந்துவிடுகின்றது. பாரத்துக்கென அதனை வலிதாக்கினாலோ, வெறும் வண்டி குலுங்குகின்றது.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்க வழி கண்டவர், பிரான்சு நாட்டுச் சிட்ரோவன் நிறுவனத்திற் பணியாற்றிய போல் மாஜெஸ் என்பார். அவர் வகுத்த அமைப்பு 1954 இல் அந்நிறுவனத்தின் வண்டியொன்றின் பின்சில்லுகளில் மாத்திரம் இடம்பெற்றது. 1955 ஒக்ரோபரிற் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த டி. எஸ். 19 வண்டி, நான்கு சில்லுகளிலும் அதனைக் கொண்டிருந்தது. 1965 இல் வெளிவந்த ரோல்ஸ் ரோய்ஸ் சில்வர் ஷடோ வண்டியும், சிட்ரோவனிடம் உரிமம் பெற்று, உயரத்தைச் சமன்செய்யும் முறையை ஏற்றுக்கொண்டது.

இதன் தத்துவம் கல்லூரி ஆய்வுகூடத்தில் இரசக் குழாயை வைத்து நாம் கற்ற போயிலின் விதியேயாகும்: அமுக்கம் கூடின் வாயுவின் கனவளவு குறையும். ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் உருக்குக் கோளம் உண்டு. அதன் நடுவே இறப்பர்ச் சவ்வு, மேற்புறம் நைதரசன் வாயு, கீழ்ப்புறம் எண்ணெய். சில்லு மேட்டில் ஏறுங்கால், அதனோடு இணைந்த முசலம் எண்ணெயைத் தள்ள, எண்ணெய் வாயுவை நெருக்குகின்றது. ஆகவே வில்லாவது வாயுவே. எண்ணெய் அதற்குத் தூது செல்வது. கோளத்தின் வாயிலிலுள்ள நுண்டுளைகளினூடே எண்ணெய் ஒடுங்கிப் பாய்வதால் துள்ளலும் அடங்குகின்றது.

பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், உயரத்தை உணரும் வாயில் ஒன்று திறக்கும். இயந்திரத்தால் இயங்கும் பம்பி அமுக்கித் தந்த எண்ணெய் உட்புகுந்து வண்டியைப் பழைய உயரத்துக்கு உயர்த்தும். நெருக்குண்ட வாயுவும் பாரத்துக்கேற்ப வலிதாகும். 1962 ஓகஸ்ட் 22 இல் பாரிசின் அயலிற் சனாதிபதி டி கோலின் டி. எஸ். வண்டி சுடப்பட்டு டயர்கள் துளைபட்டபோதும், சாரதி அதனை நிலைகுலையாது ஓட்டித் தப்பியமை உலகறிந்தது.

இத்தகைய பழைய வண்டியைப் பேணும் அன்பர்கள் இரண்டினை மறத்தலாகாது. ஆதியில் வார்க்கப்பட்ட எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறுப்புக்களைத் துருவேற்றியமையால், 1966 இன் பின்னர் பச்சைநிறக் கனிய எண்ணெய் படிப்படியாக வழக்குக்கு வந்தது. ஒன்றுக்குரிய வண்டியில் மற்றதை வார்த்தால் இறப்பர் அடைப்புக்கள் கெட்டு எண்ணெய் ஒழுகும். டி. எஸ். வண்டியில் வண்டியைத் தாங்குவதும் பிரேக்கை இயக்குவதும் ஒரே எண்ணெயாதலால், அவ்வொழுக்கு உயிருக்கே ஊறாகலாம். அன்றியும், எண்ணெயின் அமுக்கத்தால் உயர்ந்து நிற்கும் வண்டி அமுக்கம் தளர்ந்ததும் தாழ்ந்துவிடும். உறுதியான முட்டுக் கொடாது அதன் கீழ்ப் புகுதல் எவர்க்கும் தகாது.

டி. எஸ். வண்டியின் உற்பத்தி 1975 இல் நின்றது. சிட்ரோவன் நிறுவனமும் 2017 இல் இவ்வமைப்பைக் கைவிட்டது. எஞ்சியுள்ள வண்டிகளோ, அவற்றின் இயல்பறிந்து பேணுவார் உள்ளவரை ஓடிக்கொண்டேயிருக்கும்.